ஊர் நினைவும் ஊர்க்கடனும்

தலைநகரில் வாழும் தமிழர் இருவர் முதன்முறையாகச் சந்திக்கும்போது, பெயரைக் கேட்பதற்கு முன்னரே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. ‘உங்களுக்கு எந்த ஊர்?’ என்பதே அது. இருபது ஆண்டுகளாகத் தில்லியில் குடியிருந்து, பிள்ளைகளை இங்கேயே படிக்கவைத்து, இங்கேயே வாக்குரிமையும் பங்கீட்டு அட்டையும் பெற்றுவிட்ட ஒருவர்கூட இக்கேள்விக்குத் ‘தில்லி’ என்று விடை கூறுவதில்லை. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே என்றோ, நாங்குநேரிக்குப் பக்கம் என்றோதான் கூறுவார். உடல் ஓரிடத்திலும் ஊர் வேறோரிடத்திலுமாக வாழும் இந்த வாழ்க்கையைப் பற்றிச் சிறிது சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொள்வது தமிழரின் தொன்மையான வழக்கம். கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார் என்று சங்கப் புலவர் பலரை நாம் அவர்தம் ஊராலேயே அறிகிறோம். இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. உலகத்து ஊர்களையெல்லாம் தம் ஊராகவும், மாந்தரையெல்லாம் தம் உறவாகவும் கண்ட கணியனாரை நாம் பூங்குன்றனார் என்றே அழைக்கிறோம். எல்லா ஊரும் நம் ஊர் என்று சொன்னவருக்கும் பெயர் தந்தது ஓர் ஊர்தான். ஓர் ஊரை முழுமையாக அறிந்தவர்க்கே பிற ஊர்களை நேசிக்கும் நெஞ்சம் வாய்க்கும் போலும்.

நிற்க. நாம் கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதியிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து வந்தவர்கள். தில்லியிலும் அதன் சுற்றுப்புறங்களிலுமாக நம் ஊரைச் சேர்ந்த இருபது குடும்பங்களுக்குக் குறையாமல் இருக்கின்றன. பொங்கலை அடுத்த ஞாயிற்றுக்கிழமையும், ஆடிப்பெருக்கை அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் யாரேனும் ஒருவர் வீட்டில் கூடுவது வழக்கம். சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு வந்ததும் யாராவது ஒருவர், ‘அண்ணே, ஊரில் என்ன விசேஷம்?’ என்று தொடங்குவார். பிறகு மாலைவரை பேச்சு ஓயாது. யார் வீட்டில் திருமணம், யார் காலமானார், யார் நிலத்தை விற்றார், யாருக்கும் யாருக்கும் வரப்புத் தகராறு என்று செய்திகள் வரும். செய்திகள் தீர்ந்ததும் நினைவுகள் தொடங்கும். கோயில் குளத்துத் தண்ணீரின் சுவை, தென்னந்தோப்பின் நிழல், முதல் தண்ணீர் வாய்க்காலில் நுரையும் சருகுமாக வந்து சேரும் நாள் என்று ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர்வார்.

இந்தப் பேச்சு நமக்கு இன்பம் தருகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால், அது இன்பம் மட்டுந்தானா? ஊரை விட்டு வந்தவர் ஊரை நினைப்பதனால் அவருக்கு அந்த ஊரின்மீது ஏதேனும் உரிமை பிறக்கிறதா? அன்றி, உரிமையல்லாத வேறொன்று பிறக்கிறதா? இக்கேள்விகளை நாம் நெடுநாள் கேட்டுக்கொண்டதில்லை. கேட்க வைத்தது ஒரு புயல்.

செய்தியின் கனம்

அதற்குமுன் செய்தியைப் பற்றி ஒரு சொல். நம் தந்தையார் காலத்தில் ஊர்ச்செய்தி அஞ்சலில் வந்தது. மங்கலச் செய்தியானால் கடிதத்தின் மூலைகளில் மஞ்சள் தடவியிருக்கும். சாவுச் செய்தியைத் தாங்கிய கடிதத்தை வீட்டுக்குள் கொண்டு செல்லாமல் வாசலிலேயே படித்துக் கிழித்துவிடுவார்கள். தந்தி வந்தது என்றால், பிரித்துப் படிக்கும் முன்பே பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். செய்தி அரிதாக வந்தது. வந்தபோது எதையேனும் செய்யச் சொல்லி வந்தது. ஒன்று, கிராண்ட் டிரங்க் வண்டியில் ஏற வேண்டும். அல்லது அஞ்சலகத்துக்குச் சென்று பணவிடை அனுப்ப வேண்டும். சும்மா இருக்க இடமில்லை.

2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. அதற்கு வெகு முன்பே தொலைபேசி அதன் வேலையைப் பறித்துக்கொண்டுவிட்டது. இன்று ஊரில் ஒருவர் கீழே விழுந்தால் அவர் எழுந்து உட்கார்வதற்குள் செய்தி தில்லிக்கு வந்துவிடுகிறது. செய்தி மிகுந்தது, அது நம்மிடம் கேட்பது குறைந்தது. ‘அப்படியா, பாவம்’ என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம். ஒருவருடைய கடனும், ஒருவருடைய மகளின் மணமுறிவும், ஒருவருடைய குடியும் நமக்கு மாலை நேரப் பேச்சாகிவிடுகின்றன. அந்த வீட்டுக்காரர் அங்கே அமர்ந்திருந்தால் நாம் அவ்வாறு பேசுவோமா? பேசமாட்டோம். எனவே, தொலைவு நமக்கு ஒரு துணிவைத் தந்திருக்கிறது. அது நல்ல துணிவன்று.

பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஒருவரைப் பற்றி மற்றவர் கேட்ட செய்தியாலேயே அவர்களின் நட்பு வளர்ந்தது. சோழன் வடக்கிருந்தபோது, காணாத அந்த நண்பர் வருவார் என்று உறுதியாக நம்பி அவருக்கும் ஓர் இடம் ஒதுக்கச் சொன்னான். அவரும் பாண்டிய நாட்டுப் பிசிரிலிருந்து நடந்து வந்து, தாமும் வடக்கிருந்து உயிர் நீத்தார். அத்தகைய பெருஞ்செயல் நம்மால் ஆவதன்று. ஆயினும் அவ்வரலாறு ஓர் அளவுகோலை நம் கையில் தருகிறது. கேட்ட செய்தி கேட்டவரை ஓர் அடியேனும் நகர்த்த வேண்டும். நகர்த்தாவிடின் அது பிறர் துன்பத்தை வேடிக்கை பார்த்ததாகவே முடியும்.

புயலும் மதிலும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் தலைமுறைகள் வளர்த்த தென்னந்தோப்புகள் ஓர் இரவில் சாய்ந்தன. சிற்றூர்களில் வாரக் கணக்கில் மின்சாரம் இல்லை. நெட்டைத் தென்னை ஒன்று நட்டபின் காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். நிறைந்த பலன் தர இன்னும் பல ஆண்டுகள் ஆகும். அறுபது வயதில் தோப்பை இழந்த ஓர் உழவர், தம் வாழ்நாளில் அதை மீண்டும் முழுமையாகக் காணமாட்டார் என்பதே இதன் பொருள்.

அடுத்த ஞாயிறன்று நாம் கூடினோம். விழுந்து கிடந்த தோப்பின் படங்களைப் பார்த்துக் கண்ணீர் விட்டோம். அப்போது ஊரிலிருந்து பேசிய நம் சிற்றப்பா, ‘தம்பி, நீங்கள் நிழல் போயிற்று என்று அழுகிறீர்கள். இந்தத் தோப்பை நம்பி வாங்கிய கடனை எப்படி அடைப்பது என்று நாங்கள் அழுகிறோம்’ என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. இருந்தும் அறையில் சிறிது நேரம் பேச்சு எழவில்லை.

ஓர் இலட்ச ரூபாய்க்குச் சற்று மேல் நன்கொடை சேர்ந்தது. அதனை எதற்குச் செலவிடுவது என்பதில் விவாதம் எழுந்தது. தென்னங்கன்று வாங்கித் தரலாம் என்றனர் சிலர். கோயிலின் தெற்கு மதில் இடிந்து கிடப்பதைப் படத்தில் கண்ட பெரியவர்கள், ‘முதலில் மதில்’ என்றனர். அந்த மதிலோரந்தான் நாம் எல்லோரும் விளையாடினோம்; தேர்வுக்குப் படித்ததும் அதன் நிழலிலேதான். ஊர் என்றதும் நம் கண்ணில் வந்து நின்றது அதுவே. பெரும்பான்மையோர் மதிலுக்கே கை தூக்கினர். நாமும் தூக்கினோம். ஊரிலிருப்பவர்க்கு இப்போது என்ன வேண்டும் என்று அவர்களைக் கேட்க வேண்டுமென அன்று யாருக்கும் தோன்றவில்லை. சில மாதங்களில் மதில் எழுந்தது.

குளத்தின் மறுகரை

2019 பொங்கல் கூட்டத்துக்குப் புதிய அன்பர் ஒருவர் வந்திருந்தார். நம் ஊர்க்காரர்தாம், நம் வயதினர், மத்திய அரசுப் பணியில் பதினைந்து ஆண்டுகளாகத் தில்லியில் இருப்பவர். நம் பிரிவுக்கு மாற்றலாகி வந்த பின்னரே அவரும் நம் ஊர் என்பது தெரிந்தது. இத்தனை ஆண்டுகள் அவரை ஏன் நாம் அழைக்கவில்லை என்ற கேள்விக்கு விடை எளிது. அவர் ஊரின் கிழக்கே, வாய்க்காலுக்கு அப்பாலுள்ள தெருவில் பிறந்தவர். நம் பட்டியலைத் தயாரித்தவர்களின் நினைவில் அந்தத் தெரு இல்லை.

வழக்கம்போலக் கோயில் குளத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்தத் தண்ணீரின் சுவை வேறெங்கும் கிடையாது என்றார் ஒருவர். எல்லோரும் ஆமோதித்தோம். புதிய அன்பரிடம், ‘உங்களுக்கும் நினைவிருக்குமே?’ என்று கேட்டார் ஒரு பெரியவர், அன்போடுதான். அவர் சிறிது தயங்கி, ‘ஐயா, அந்தக் குளத்தின் படியில் நான் இறங்கியதே இல்லை. ஆனால் மேல்கரையில் மாடு மேய்த்திருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் மாலை வெயிலில் கோபுரம் தலைகீழாகத் தண்ணீரில் தெரியும். படித்துறையில் நிற்பவர்களுக்கு அது தெரியாது’ என்றார்.

நாம் அந்தப் படித்துறையிலேயே பதினெட்டு ஆண்டுகள் வளர்ந்தோம். கோபுரத்தின் நிழலை ஒருநாளும் கண்டதில்லை.

அன்று மாலை அவர் மேலும் ஒரு செய்தி சொன்னார். அவருடைய தமக்கை நம் தோப்புகளில் கீற்று முடைந்து பிழைத்தவர். விழுந்த மரங்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. மரத்துக்கு இவ்வளவு என்று அது மரத்துக்கு உரியவர்க்குச் சென்றது. மரம் ஏறியவரும், மட்டை உரித்தவரும், கீற்று முடைந்தவரும் மரத்துக்கு உரியவர் அல்லர். தோப்பு விழுந்த மறுவாரமே அவர்களின் வேலை போயிற்று. நாம் மதிலுக்குக் கை தூக்கிய அதே மாதத்தில், அந்த அம்மையார் வீட்டைப் பூட்டிக்கொண்டு பிள்ளைகளோடு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். எத்தனை மரங்கள் விழுந்தன என்பது நமக்கு எண்ணிக்கையோடு தெரிந்திருந்தது. எந்த வீட்டுக் கதவு பூட்டப்பட்டது என்பது தெரியாது. நம்மிடம் வந்த ஊர்ச்செய்தி பாதி ஊரின் செய்தியே என்பது அன்றுதான் விளங்கிற்று.

இதனை எழுதும்போது, பழைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த எவரும் மறக்கக்கூடாத ஒன்று நினைவுக்கு வருகிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரிந்து மாண்டனர். கூலியாக இன்னும் சிறிது நெல் கேட்ட உழைப்பாளர் குடும்பத்தினர் அவர்கள். அதே வயல்கள், அதே தைமாத அறுவடை, அதே நெல்மணம். அந்த மணத்தை நினைந்து நாம் உருகும்போது, அதனோடு சேர்ந்திருந்த இதையும் அறிந்தே உருக வேண்டும். இனிமையை மறுக்க வேண்டியதில்லை. முழுமையை மறைக்காதிருந்தால் போதும்.

ஒரு மறுப்பும் விடையும்

‘நினைவு என்பது ஏதுமறியாத இன்பம். அதற்கும் கணக்குத் தணிக்கை வேண்டுமா? கண்பார்வை மங்கிய முதியவர் ஒருவர் தம் ஊர்க்குளத்தை நினைந்து மகிழ்ந்தால் அதில் என்ன குற்றம்?’ என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஒருவர் தனியே நினைப்பதற்கு யாரும் நீதிமன்றம் வைக்க இயலாது, வைக்கவும் வேண்டாம். ஆனால் பலர் கூடி நினைக்கும்போது நினைவு தீர்மானமாகிறது. தீர்மானம் பணமாகிறது, பணம் ஊரில் போய் மதிலாக நிற்கிறது. எதை நினைக்கிறோமோ அதற்குக் கொடுக்கிறோம். எதை மறந்தோமோ அதற்குக் கொடுப்பதில்லை. ஆகவே தனிநினைவுக்கு இல்லாத பொறுப்பு கூட்டு நினைவுக்கு உண்டு.

‘ஊரை விட்டே வந்துவிட்டோம், அங்கே நமக்கு உரிமை இல்லை என்றால் கடமை மட்டும் எங்கிருந்து வரும்?’ என்றும் கேட்கலாம். இதற்கு விடை நம் வாய்க்காலிலேயே இருக்கிறது. நம் ஊர் வயல்களுக்குக் காவிரி நீர் வந்தது மேட்டூர் அணைத் திட்டத்தின் பகுதியாக வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாயால். 1925-இல் தொடங்கிய அணைப்பணி 1934-இல் நிறைவுற்றது. முழுக்கொள்ளளவு 120 அடி நீர்மட்டத்தில் 93.47 டி.எம்.சி. என்று நாளிதழ்களில் படிக்கிறோம். அந்த நீருக்கு அடியில் ஊர்கள் இருக்கின்றன. நீர்மட்டம் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில், பண்ணவாடிப் பகுதியில் பழைய சிவன் கோயிலின் நந்தியும் கிறித்தவக் கோயிலின் கோபுரமும் வெளியே தெரிகின்றன. மக்கள் சென்று பார்க்கின்றனர். அணை நிறைந்தால் நம் ஊர் சிரிக்கும். அணை வற்றினால்தான் அவர்தம் முன்னோர் ஊர் கண்ணுக்குத் தெரியும். ஓர் ஊர் மூழ்கியதனால் மற்றோர் ஊர் விளைந்தது. அந்த விளைச்சலில் படித்து, தேர்வு எழுதி, தில்லிக்கு வந்து மாதச் சம்பளம் வாங்குகிறோம் நாம். அம்மக்களை நாம் கண்டதில்லை. அவர்களும் நம்மை அறியார். ஆயினும் கடன் இருக்கிறது. வாய்க்கால் வெட்டிய கைகளுக்கும், நாற்று நட்ட கைகளுக்கும், கீற்று முடைந்த கைகளுக்கும் இருக்கிறது. ஊரைவிட்டு நீங்கியதனால் உரிமை கழியலாம். பெற்றது பெற்றதுதான், அது கழிவதில்லை.

பிள்ளைகளின் ஊர்

இன்னொன்றும் கூற வேண்டும். நம் பிள்ளைகள் பிறந்து வளர்ந்தது நேதாஜி நகர் அரசுக் குடியிருப்பில். அப்பகுதியிலும் சரோஜினி நகர், நவுரோஜி நகர் முதலிய இடங்களிலும் மறுகட்டுமானத்துக்காகப் பழைய வீடுகள் இடிக்கப்பட்டன. 2018-இல் மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்துத் தில்லி மக்கள் போராடியதும் நினைவிருக்கலாம். நம் வீட்டு வாசலில் நின்ற நாவல்மரமும் போயிற்று. பள்ளி செல்லும் நம் மகள் அதற்காக இரண்டு நாள் அழுதாள். ‘ஒரு மரத்துக்கா இப்படி அழுவது? நம் ஊருக்கு வந்து பார், எத்தனை மரங்கள்!’ என்று நாம் தேற்றினோம். ‘அது உங்கள் ஊர் அப்பா. இதுதான் என் ஊர்’ என்றாள். நாம் எந்த மரத்தை நினைந்து அழுகிறோமோ அதற்குச் சற்றும் குறைந்ததன்று அவளுடைய நாவல்மரம். இதனை ஒப்புக்கொள்ள நமக்குச் சில ஆண்டுகள் ஆயின. நம் நினைவைப் பிள்ளைகள்மேல் சுமத்தவும் நமக்கு உரிமையில்லை. அவர்களுக்கு நாம் ஊரைப் பற்றிச் சொல்லலாம். சொல்லும்போது மேல்கரையையும் சேர்த்துச் சொல்லலாம்.

முடிவாக

நினைப்பவர்க்கு ஊரின்மீது உரிமை உண்டா என்று கேட்டோம். இல்லை என்பதே நாம் கண்ட விடை. ஊர் இன்று அங்கே விடிந்தெழுந்து வேலைக்குப் போகிறவர்களுடையது. எதை இடிப்பது, எதைக் கட்டுவது, எங்கே கன்று நடுவது என்பதெல்லாம் அவர்கள் முடிவு. நமக்கிருப்பது கடன். அது மூன்று வகைப்படும் எனலாம். நினைவில் உண்மையாக இருத்தல் ஒன்று. கேட்ட செய்திக்கு நம்மால் இயன்றதைச் செய்தல், செய்ய இயலாதபோது பிறர் துன்பத்தைப் பேச்சாக்காதிருத்தல் மற்றொன்று. கொடுக்கும்போது கேட்டுக் கொடுத்தல் மூன்றாவது.

இவற்றை நாம் முழுமையாகச் செய்துவிட்டோம் என்று சொல்லத் துணியவில்லை. மதில் எழுந்து நிற்கிறது. திருப்பூர் சென்ற அம்மையார் இன்னும் ஊர் திரும்பவில்லை. அடுத்து ஆடியில் சேர்ந்த சிறு தொகையை எதற்குச் செலவிடலாம் என்று இரு தெருவாரையும் கேட்டோம். கன்று வேண்டும் என்றும், கிழக்குத் தெருப் பிள்ளைகள் மாலையில் படிக்க ஒரு கொட்டகை வேண்டும் என்றும் விடை வந்தது. இரண்டுக்குமாகப் பிரித்து அனுப்பினோம். கூட்டத்தில் இப்போது மாலைநேரப் பேச்சின் நீளம் சற்றுக் குறைந்திருக்கிறது. ‘ஊரில் என்ன விசேஷம்?’ என்று ஒருவர் கேட்டதும், ‘இந்த மாதம் ஊருக்கு யார் பேசினீர்கள்?’ என்று மற்றொருவர் கேட்கிறார். சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது நாம் குளத்தின் மேல்கரைக்குச் சென்று, மாலை வெயில் சாயும்வரை அங்கே நின்றிருந்தோம். அன்பர் சொன்னது உண்மை. கோபுரம் தண்ணீரில் தெரிந்தது.